மாலத்தீவுக்கு உண்டு, இலங்கைக்கு ஏன் இல்லை?

தில்லியில் ஏற்றுமதிக் கொள்கையை வகுக்கும் பெரியவர்களுக்கு, மதுரையிலிருந்து ஒரு வெங்காய வியாபாரியின் வணக்கம்.

போன வாரம் கொழும்பு புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெரு வாடிக்கையாளரிடம் ஆர்டர் கேட்டேன். "உங்கட சரக்கில ஒரு குறையும் இல்ல. உங்கட அரசாங்கம் எந்த ராத்திரி கதவைச் சாத்தும் எண்டுதான் தெரியாது" என்றார். எனக்கும் தெரியாது. அதனால் தங்களிடமே கேட்கிறேன்.

2023 டிசம்பர் 7 உத்தரவு தங்களுக்கு நினைவிருக்கும். மறுநாளே வெங்காய ஏற்றுமதிக்குத் தடை. அதற்குமுன் சுங்கத்திடம் ஒப்படைத்த சரக்குக்கு விலக்கு தந்தீர்கள், மறுக்கவில்லை. எங்கள் வண்டி அப்போது எட்டையபுரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. எட்டையபுரத்துக்கு விலக்கு இல்லை.

டிசம்பரில் வருவது ஈரம் காயாத புது வெங்காயம். கோடைச் சரக்கு மாதிரி மாதக்கணக்கில் கிடக்காது. தூத்துக்குடி துறைமுக வாசல்வரை போய்த் திரும்பிய மூட்டைகளை ஷெட்டில் இறக்கினோம். சில நாளிலேயே அடிமூட்டைகள் கசிந்து தரையில் தண்ணீர் ஓடியது. தரம் பிரிக்கும் பெண்கள் வலைச்சாக்கை அவிழ்த்து, ஏற்கெனவே பொறுக்கிக் கட்டிய அதே வெங்காயத்தை மறுபடி பொறுக்கினார்கள். எவ்வளவு சோப்பு போட்டாலும் அந்த நாற்றம் விரலை விட்டுப் போகவில்லை, சோற்றில் கை வைக்க முடியவில்லை என்றார் ஒரு அக்கா. தேறியதை உள்ளூர் மார்க்கெட்டில் கேட்ட விலைக்குத் தள்ளினோம்.

உள்ளூரில் விலை ஏறினால் அரசு தலையிடத்தான் வேண்டும். சரி. ஆனால் 1981 ஒப்பந்தத்தின்படி மாலத்தீவுக்கு வெங்காயமும் அரிசியும் சர்க்கரையும் ஆண்டுதோறும் ஒதுக்குகிறீர்கள். 2024-25க்கு ஒதுக்கும்போது, இருக்கிற தடையும் இனி வரும் தடையும் அந்தச் சரக்கைத் தொடாது என்று எழுதியே கொடுத்தீர்கள். இலங்கைக்கும் அதைத்தான் கேட்கிறோம்: தடை தொடாத ஓர் ஆண்டு ஒதுக்கீடு.

2024 ஏப்ரலில் இலங்கைக்கு 10,000 டன் அனுமதித்தீர்களே என்பீர்கள். அது அரசு சொன்ன ஒரே கூட்டுறவு நிறுவனம் வழியாக. நாங்கள் வேடிக்கை பார்த்தோம். அதற்குள் புறக்கோட்டையில் பாகிஸ்தான் வெங்காயம் இறங்கிவிட்டது. இலங்கையோடு தடையற்ற வணிக ஒப்பந்தம் 2000 முதல் நடப்பில் இருக்கிறது. தடையில்லாமல் ஓடுவது பாகிஸ்தான் கப்பல்.

தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் 1985இல் டாக்காவில் பிறந்தது. கடைசி உச்சி மாநாடு 2014இல் காத்மாண்டுவில் நடந்தது. தெற்காசியத் தடையற்ற வணிகப் பகுதி 2006இல் நடைமுறைக்கு வந்தது. இந்த நாடுகள் தங்களுக்குள் செய்யும் வணிகம் இன்னமும் அவற்றின் மொத்த வணிகத்தில் 5 சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறது. அப்புறம் வங்காள விரிகுடாவைச் சுற்றிய நாடுகளின் கூட்டமைப்பான பிம்ஸ்டெக். அதன் தடையற்ற வணிகத்துக்கு 2004இல் சட்டக ஒப்பந்தம் போட்டார்கள், போட்டபடியே இருக்கிறது. 'அண்டை நாடே முதலில்' என்று மேடையில் கேட்கும்போது கை தட்டத்தான் தோன்றுகிறது. முதலில் கதவடைப்பதும் அண்டை நாட்டுக்குத்தான் என்பது தட்டி முடித்த பிறகு நினைவு வருகிறது.

மன்னிக்கவும், வெங்காயத்தை விட்டு எங்கேயோ போய்விட்டேன்.

அந்தத் தடை நீங்கிவிட்டது, 2025 ஏப்ரல் முதல் வெங்காயத்துக்கு ஏற்றுமதி வரியும் இல்லை. அதற்கு நன்றி. இந்த அமைதி இருக்கும்போதே கொழும்போடு பேசி, இலங்கைக்கான ஆண்டு ஒதுக்கீட்டை அறிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். எத்தனை டன் என்பதைத் தாங்களே முடிவு செய்யுங்கள், குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. அதில் எங்களைப் போன்ற சிறு வியாபாரிகளுக்கும் இடம் வேண்டும். வண்டி கிளம்பிய பிறகு உத்தரவு மாறக் கூடாது.

பணிவுடன்,
மதுரை வெங்காய வியாபாரி ஒருவர்