பைரைட்டுக்கு எப்படி விளக்கு வைப்பது: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். ஸ்பெயினின் நவாஹுன் சுரங்கத்தில் கிடைத்த, பொன்போல் மின்னும் பைரைட் கனிமத்தின் கனசதுரத்தை நீ எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மண்ணுக்குள் இவ்வளவு நேரான விளிம்புகளோடு ஒரு படிகம் வளர்ந்திருப்பது பார்க்கப் பார்க்க வியப்பாக இருக்கிறது. ஆனால் படத்தில் ஒரு முகம் முழுக்க வெளுத்தும், பக்கத்து முகம் கரிக்கட்டையாகக் கறுத்தும் கிடக்கின்றன. வெளிச்சம் போதவில்லை என்று கருதி இன்னொரு விளக்கு வாங்கப் போவதாக எழுதியிருக்கிறாய். வாங்க வேண்டாம்.

பைரைட்டின் வழவழப்பான முகத்தில் ஒளி எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில் திரும்பிப் போகும். ஆகவே லென்ஸ் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் அந்த முகத்தில் எது பிரதிபலிக்கிறதோ, அதுதான் படத்தில் பதிகிறது. விளக்கு பிரதிபலித்தால் வெள்ளை, அறையின் இருட்டு பிரதிபலித்தால் கறுப்பு. ஸ்டுடியோவில் வெள்ளிக் குத்துவிளக்குகளைப் படமெடுத்த காலத்தில், பொருளைச் சுற்றி எதை நிறுத்துவது என்பதை யோசிக்கத்தான் எனக்குப் பாதி நேரம் போகும்.

முகங்களில் விளக்குக்குப் பதிலாகப் பரந்த வெளிச்சம் பிரதிபலிக்க, ஒரு பெரிய பட்டர் பேப்பரை வளைத்து, படச்சட்டத்துக்குள் வந்துவிடாதபடி கல்லுக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக நிறுத்து. விளக்கைப் பேப்பருக்குப் பின்னால் ஓரடியாவது தள்ளி வை. ஒட்டி வைத்தால் பேப்பரின் நடுவில் மட்டும் வெளிச்சம் குவிந்து, பழைய வெள்ளைப் புள்ளியே திரும்ப வரும். அதன்பின் மூன்று முகங்களும் ஒரே அளவில் வெளுத்துத் தட்டையாகத் தெரிந்தால், ஒரு பக்க முகத்தில் பிரதிபலிக்கும்படி சிறிய கறுப்பு அட்டை ஒன்றை நிறுத்திப் பார். விளிம்பு உடனே எழுந்து நிற்கும். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். அட்டையை விரலளவு நகர்த்தினாலே முகத்தில் நுண்ணிய கோடுகள் தெளியத் தொடங்கும். பைரைட்டில் ஒரு முகத்தின் கோடுகள் அடுத்த முகத்தின் கோடுகளுக்குச் செங்குத்தாக ஓடும். அந்த ஒழுங்கு படத்தில் தெரிய வேண்டும்.

ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் லென்ஸுக்குள் விடும் போலரைசர் ஃபில்டரைப் பற்றிக் கேட்டிருந்தாய். குவார்ட்ஸ், கால்சைட் போன்ற உலோகப் பளபளப்பில்லாத கனிமங்களின் மேற்பரப்பு மினுக்கத்தை அது நன்றாகவே குறைக்கும். உலோகப் பளபளப்பில் அவ்வளவாக எடுபடாது. விளக்குக்கும் ஒரு போலரைசர் தாள் போட்டுக் குறுக்காகத் திருப்பினால் பளபளப்பு அடங்கும் என்பது உண்மைதான். ஆனால் பைரைட்டின் உயிரே பளபளப்பில்தான் இருக்கிறது, அதை ஏன் நாமே அணைக்க வேண்டும்?

சென்சாரில் பிம்பம் பொருளின் உண்மை அளவுக்கே விழும்படி எடுக்கும்போது, ஃபுல் ஃபிரேம் கேமராவில் லென்ஸின் துவாரத்தை எஃப் 8 அளவுக்குச் சுருக்கினாலும் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் ஆழம்தான் தெளிவாக இருக்கும். துவாரத்தை இன்னும் சுருக்கி எஃப் 22-க்குப் போனால் படம் முழுவதுமே மழுங்கிவிடும் என்பதால், ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாக்கு. இடையில் விளக்கையோ பேப்பரையோ தொட்டுவிடாதே; பிரதிபலிப்பு இடம் மாறினால் படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது.

அடுத்த முறை படத்தோடு, விளக்கு, பேப்பர், அட்டை மூன்றும் எங்கெங்கே இருந்தன என்று ஒரு தாளில் வரைந்தும் அனுப்பு. அதைப் பார்த்தால், எதை எந்தப் பக்கம் நகர்த்தலாம் என்று இங்கிருந்தே என்னால் சொல்ல முடியும்.

அன்புடன்,
அப்பா