துருவைக் கழுவச் சொன்ன ஆலோசனை குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் சென்ற வாரத் தோட்டப் பகுதியில், தம் வீட்டு ரோஜா இலைகளில் கண்ட துரு நோயைப் பற்றிக் கேட்டிருந்த வாசகி ஒருவருக்குத் தரப்பட்ட பதில் இவ்வாறு முடிந்திருந்தது: ‘மாலை வேளையில் செடி முழுவதும் நனையும்படி தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள், துரு போய்விடும்.’ தங்கள் மீதுள்ள மரியாதையால் இதை முதலில் அச்சுப்பிழை என்றே எண்ணினேன். ஆனால் பக்கத்திலேயே ஒருவர் குழாயைப் பிடித்துக்கொண்டு இலைகளை நனைக்கும் படமும் இருந்ததால், அந்த ஆறுதலும் எனக்குக் கிட்டவில்லை.

இலையின் அடிப்பக்கத்திலிருந்து ஆரஞ்சு நிறப் பொடியாக உதிர்வது பூஞ்சையின் வித்து என்பதைத் தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த வித்து முளைத்து இலைத்துளை வழியாக உள்ளே நுழைய, இலைமேல் சில மணி நேரம் காயாமல் நிற்கும் ஈரம் வேண்டும். மாலையில் நனைத்த இலை பெரும்பாலும் விடியும் வரை காய்வதில்லை; பீய்ச்சியடித்த தண்ணீரோ ஓர் இலையிலிருந்த வித்தைச் சுற்றியுள்ள இலைகளுக்கெல்லாம் கொண்டு சேர்த்திருக்கும். துரு நோயை வளர்ப்பது எப்படி என்று அந்த வாசகி கேட்டிருந்தால், தங்கள் பதிலில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருந்திராது.

இதை நான் பட்டறிந்தே சொல்கிறேன். 6 ஆண்டுகளுக்கு முன் தங்கள் இதழே இந்த யோசனையை வெளியிட்டது. அப்போது என்னிடமிருந்த 14 ரோஜாத் தொட்டிகளில் 3 தொட்டிகளில் மட்டுமே நோய் கண்டிருந்தது. அடுத்தடுத்து 3 மாலைகள் கழுவினேன். பொடி உதிர்ந்து இலைகள் பளிச்சென்று ஆகிவிட்டன. நானும் மனம் மகிழ்ந்து தங்களுக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதினேன், தாங்களும் அதைக் கட்டம் கட்டி வெளியிட்டீர்கள். ஆனால் உள்ளே புகுந்த பூஞ்சை கொப்புளமாக வெளியே தெரிவதற்குச் சுமார் 10 நாள் முதல் 2 வாரம் வரை பிடிக்கும் என்பதை அன்று நான் அறிந்திருக்கவில்லை. 12ஆம் நாள் 11 தொட்டிகளில் கொப்புளம் கண்டேன். அடுத்த மாதத்தில் 9 செடிகள் இலையே இல்லாமல் நின்றன. அதைத் தெரிவித்து நான் எழுதிய இரண்டாவது கடிதம் இடநெருக்கடியால்தான் வெளிவரவில்லை என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

பழையதைக் கிளற வேண்டாமென்றுதான் இருந்தேன். ஆனால் துரு நோய்க்குக் காரணம் செடியின் அருகிலுள்ள இரும்பு என்றும், தொட்டிகளை இரும்புத் தாங்கியிலிருந்து இறக்கிவிட வேண்டும் என்றும் இதே பகுதியில் ஒருமுறை எழுதப்பட்டதை எப்படி மறப்பது? நிறத்தைப் பார்த்து வைத்த பெயர் அது. தங்கள் கணக்குப்படி சாம்பல் நோய் கண்ட செடிக்கு வீட்டு அடுப்பை அணைக்கச் சொல்ல வேண்டியிருக்கும். மற்றொரு முறை, இலையின் மேற்புறத்தில் ஓரம் சிதைந்த கறுப்பு வட்டங்கள் உள்ள படத்தைப் போட்டு, அதன் கீழே ‘துரு’ என்று அச்சிட்டிருந்தீர்கள். அது கரும்புள்ளி நோய். துருவாக இருந்தால் மேற்புறத்தில் வெளிர்மஞ்சள் புள்ளிதான் தெரியும். இலையைத் திருப்பிப் பார்த்தால் அதற்கு நேர் கீழே கொப்புளம் இருக்கும், விரலால் தேய்த்தால் பொடி ஒட்டும். படம் எடுத்தவர் இலையைத் திருப்பவில்லை.

இவற்றையெல்லாம்விட என்னை வருத்தியது, ரோஜாவைக் காப்பாற்றத் துரு கண்ட ஈழத்தலரி மரத்தை வெட்டிவிடச் சொன்ன பதில். ஜூனிபர் என்னும் ஊசியிலை மரத்திலும் பேரி மரத்திலும் மாறி மாறி வாழும் துருக்கள் உண்டு. அதை அரைகுறையாகக் கேள்விப்பட்ட எவரோ அப்படி எழுதியிருக்க வேண்டும். ரோஜாத் துரு தன் வாழ்க்கை முழுவதையும் ரோஜாவிலேயே நடத்திக்கொள்ளும். ஈழத்தலரியின் துரு ரோஜாவை நாடாது. அந்தப் பதிலை நம்பி எவரேனும் மரத்தை வெட்டியிருந்தால், அதற்கு இனி எந்தத் திருத்தம் வெளியிட்டும் பயனில்லை.

அந்த வாசகிக்குச் சொல்லியிருக்க வேண்டியது கடினமான செய்தியன்று. இலைகள் உலர்ந்திருக்கும் நேரத்தில், கொப்புளம் கண்டவற்றைச் செடியை உலுக்காமல் ஒவ்வொன்றாகக் கிள்ளி, அங்கேயே பைக்குள் போட்டுக் கட்டி, கீழே உதிர்ந்து கிடப்பவற்றையும் பொறுக்கி அப்புறப்படுத்த வேண்டும்; தாங்கள் முன்பொருமுறை பரிந்துரைத்தபடி அவற்றைச் செடியின் காலடியிலேயே மூடாக்காகப் பரப்பினால், சில வித்துக்கள் அங்கேயே காத்திருந்து அடுத்த பருவத்தின் தளிரைப் பிடிக்கும். தண்ணீரைக் காலையில், இலையில் படாமல் வேரடியில் ஊற்ற வேண்டும். நெருங்கிய கிளைகளைக் கவாத்து செய்து காற்றுக்கு வழிவிட வேண்டும். தழைச்சத்தை அளவுக்கு மீறிக் கொடுத்தால் வரும் மெல்லிய தளிர் நோய்க்கு எளிதில் இடம்கொடுக்கும். புதிதாக வாங்கிய செடியை 3 வாரமாவது தனியே வைத்துக் கவனிக்க வேண்டும். டேலில்லி என்னும் பூச்செடியின் துரு அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் முதன்முதலாகக் காணப்பட்டு, சில ஆண்டுகளுக்குள் அங்கே பல மாநிலங்களுக்குப் பரவியதற்குச் செடி வியாபாரமே பெரிய காரணம்.

மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தங்கள் பகுதியில் எந்த நோய்க்கும் கைகொடுக்கும் மருந்தாகக் கார்பென்டசிம் எழுதப்படுகிறது. துருவிடம் அது அவ்வளவாகச் செல்லாது. தண்ணீரில் கலந்து தெளிக்கும் நனையும் கந்தகத் தூள் நோய் வருமுன் காக்கும், ஆனால் கடும் வெயிலில் தெளித்தால் இலையையே கருக்கிவிடும். நோய் பரவிவிட்டால் அவரவர் இருக்கும் இடத்தில் அனுமதியுள்ள டிரையசோல் வகைப் பூஞ்சைக்கொல்லி மருந்தை, அட்டையில் குறித்துள்ள அளவிலேயே, இலையின் அடிப்பக்கமும் நனையும்படி தெளிக்கலாம். ஒரே வகையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாகாது. எதைத் தெளித்தாலும் புண்பட்ட இலை பழையபடி ஆகாது, இனி வரும் இலையைத்தான் காக்க முடியும் என்பதையும் சொல்லிவிட்டால், வாசகர் ஏமாந்து மருந்தைக் கூட்டிக்கொண்டே போக மாட்டார்.

நான் மன்னிப்பு கேட்கச் சொல்லவில்லை. அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், ‘துரு கண்ட செடியின் இலைகளை நனைக்க வேண்டாம்’ என்ற ஒரு வரியை வெளியிட்டால் போதும். கேள்வி கேட்ட அந்த வாசகி செடியைக் கழுவி இன்றோடு ஒரு வாரம் ஆகியிருக்கும். இலைகள் இப்போது பளிச்சென்றிருக்கும், தங்களுக்கு நன்றிக் கடிதமும் வந்திருக்கக்கூடும். அதை வெளியிடுவதற்கு முன் இன்னும் ஒரு வாரம் பொறுத்திருக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்