"வந்தியா மக்களே?"

அன்புள்ள அப்பா அம்மாக்களுக்கு, பேரப் பிள்ளைகளை வளர்க்கிற தாத்தா பாட்டிகளுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது. மதிப்பெண் பற்றி அப்போது பேசிக்கொள்ளலாம். இந்தக் கடிதம் வேறு ஒரு விஷயத்துக்காக.

போன வாரம் தமிழ் டீச்சர் விடுப்பு எடுத்திருந்ததால் ஐந்தாம் வகுப்புக்கு நான் போனேன். 'என் வீடு' பற்றி எழுதச் சொல்லியிருந்தார். எல்லா நோட்டிலும் ஒரே வீடுதான் இருந்தது: இரண்டு அறை, ஒரு அடுக்களை, முன்னால் ஒரு தென்னை. நோட்டை மூடச் சொல்லிவிட்டு ஒன்று கேட்டேன். "ஸ்கூல் விட்டு வாசல் வரைக்கும் வந்தாச்சு. இன்னும் உள்ள போகல. உள்ள ஆள் இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

அப்புறம் வகுப்பை அடக்க முடியவில்லை. பாட்டியின் இருமல் கேட்கும் என்றது ஒரு பிள்ளை. அம்மா மீன் கழுவுகிற சட்டிச் சத்தம், மிக்ஸியில் தேங்காய் அரைபடும் சத்தம், படியில் கிடக்கும் செருப்பு, மரச்சீனிக்கிழங்கு வேகிற மணம் என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒரு பையன் மட்டும், "மழை பேஞ்சா காலைலயும் அப்பா இருப்பாங்க டீச்சர்" என்றான். அவன் அப்பா ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர். விடிவதற்கு முன் குளிர்ச்சியில்தான் ரப்பர் பால் நன்றாக ஓடும் என்பதால் பையன் கண் விழிக்கும்போது அவர் தோட்டத்தில் இருப்பார். மரம் நனைந்தால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. பெரியவர்களுக்குக் கூலி போன நாள். அவனுக்கு அது அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பழங்கஞ்சி குடிக்கிற நாள்.

ஒரு பெண் குழந்தை கடைசிவரை கை தூக்கவில்லை. மணி அடித்த பிறகு வந்து, "சாவி என் பேக்லதான் இருக்கு டீச்சர்" என்றாள்.

(அடையாளங்களை மாற்றி எழுதியிருக்கிறேன். யார் என்று தயவுசெய்து தேட வேண்டாம்.)

அம்மா வேலைக்குப் போவதைக் குறை சொல்லவில்லை. முந்திரி ஆலையில் காலையிலிருந்து குந்தியிருந்து பருப்பு உடைத்து அந்தக் கூலியில் பிள்ளைக்கு நோட்டு வாங்குகிற அம்மாக்களை எனக்குத் தெரியும். வெளிநாட்டில் எட்டு வருடம், பத்து வருடம் தனியாகக் கிடந்து இங்கே வீடு கட்டிய அப்பாக்களையும் தெரியும். கருங்கலிலிருந்து மார்த்தாண்டம் போகிற வழியில் நாம் பார்க்கும் ஒவ்வொரு டைல்ஸ் தரையிலும் ஒருவருடைய வியர்வை இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் நான் கேட்ட கேள்விக்கு ஒரு பிள்ளைகூட டைல்ஸையோ கேட்டையோ சொல்லவில்லை. எல்லாருமே ஒரு ஆளைத்தான் சொன்னார்கள்.

நான் வளர்ந்தது சாணி மெழுகிய ஓட்டு வீட்டில். மழைக்கு நான்கு இடத்தில் ஒழுகும். பள்ளி விட்டு வந்ததும் அம்மா அடுக்களையிலிருந்து எட்டிக்கூடப் பார்க்காமல், "வந்தியா மக்களே? காப்பி குடி" என்பார். ஒற்றைப் பிள்ளையைக்கூட நம் ஊரில் 'மக்களே' என்றுதானே கூப்பிடுவோம்! காப்பி என்றால் பால் விடாத கட்டன் காப்பியும் கூட ஏதாவது கிழங்கும். அந்தக் குரலைக் கேட்டால் அன்று வகுப்பில் வாங்கிய அடிகூட மறந்துபோகும். இந்த வயதிலும் பூட்டிய கதவைத் திறக்கும்போது ஒரு நொடி அதற்காகக் காது கொடுக்கிறேன்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. விளக்கு வைக்கிற நேரம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் விளக்கேற்றுவார்கள், அடுத்த வீட்டில் குடும்ப ஜெபம் நடக்கும், கொஞ்சம் தள்ளி மஃரிப் தொழுகை. எந்த வீடானாலும் அந்த அரைமணி நேரம் எல்லாரும் ஒரு கூரையின் கீழ் இருந்தார்கள். இன்று அந்த நேரத்தில் ஆளுக்கொரு போனோடு ஆளுக்கொரு மூலையில் இருக்கிறோம். ஆறரை முதல் ஏழு வரை போன்களை எடுத்து அலமாரியில் வையுங்கள். பாடம் நடத்த வேண்டாம், மார்க் கேட்கவும் வேண்டாம். வெங்காயம் உரிக்கும்போது பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, இன்று யாரோடு விளையாடினாய் என்று கேளுங்கள், போதும்.

வெளிநாட்டில் இருக்கும் அப்பாக்களுக்கு: இங்கே ஆறரை என்றால் துபாயில் ஐந்து, குவைத்திலும் சவுதியிலும் நான்கு. வேலையில் இருப்பீர்கள். ஆனால் நமக்கு எட்டரை ஆகும்போது அங்கே ஏழு அல்லது ஆறுதான். அந்த நேரத்தில் கூப்பிட்டு, முதல் ஐந்து நிமிடம் பிள்ளையோடு மட்டும் பேசுங்கள். கடன், சீட்டு, சொத்துப் பேச்செல்லாம் பிள்ளை தூங்கின பிறகு இருக்கட்டும்.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை நம் மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் கடற்கரை ஊர் அப்பாக்கள் சிலர் பள்ளி வாசலில் வந்து நின்றார்கள். மணி அடித்ததும் அந்தப் பிள்ளைகள் ஓடிய ஓட்டம் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. இப்போது படகுகள் போய்விட்டன, வாசலில் யாரும் இல்லை. அம்மாக்களே, அப்பா திரும்பி வரும் நாளைக் காலண்டரில் பிள்ளையின் கையாலேயே குறிக்கச் சொல்லுங்கள்.

சண்டை இல்லாத வீடு இல்லை. ஆனால் குடித்துவிட்டு வந்து கத்துகிற இரவுக்கு அடுத்த நாள், அந்தப் பிள்ளை வகுப்பில் எப்படி உட்கார்ந்திருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். கரும்பலகையைப் பார்க்கும், எதுவும் உள்ளே போகாது. வீட்டில் அப்படிப்பட்ட கஷ்டம் இருந்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள். பேச்சு என் அறையைத் தாண்டாது. பிள்ளைக்கு ஆபத்து என்றால் மட்டும் நான் பேசாமல் இருக்க முடியாது. எந்த நேரமும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை நீங்களும் கூப்பிடலாம்.

சரி, பள்ளியால் முடிந்தது ஒன்று. வரும் திங்கட்கிழமை முதல், வீட்டில் ஆள் வரத் தாமதமாகும் பிள்ளைகளுக்காக நூலக அறையை ஐந்தரை மணி வரை திறந்து வைக்கிறோம். நானும் இருப்பேன். கட்டன் காப்பியும் அவித்த பயறும் உண்டு. செலவை நாங்கள் ஆசிரியர்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இந்தத் தாளின் அடியில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். மாலையில் பிள்ளை வீடு திரும்பும்போது அங்கே யார் இருப்பார்கள், எத்தனை மணிக்கு வருவார்கள் என்று எழுதி வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்து விடுங்கள். எழுத வராத பாட்டிமார் வாயால் சொல்லுங்கள், பிள்ளையே எழுதட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியை
கிள்ளியூர் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்