அந்த ஸ்விட்ச் எதை அணைக்கிறது என்றும் எழுதுங்கள்

பழைய மின்சாரக் கார்களுக்கான ஓட்டுநர் உதவி மென்பொருளைப் பராமரித்துவரும் தன்னார்வலர்களுக்கு,

வணக்கம். முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். 2016 நவம்பரில் காமா நிறுவனத்தின் ஓட்டுநர் உதவி மென்பொருளான ஓப்பன்பைலட் திறந்த மூலமாக வெளியானபோது, பழைய மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு அதனால் பெரிய பயன் எதுவும் கிடைக்கவில்லை. 2017 முதல் 2021 வரையிலான செவர்லே போல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குரூஸ் கண்ட்ரோல் அந்த ஆண்டு மாடல்களில் கிடையவே கிடையாது. ஆக்சிலரேட்டர் பெடலுக்கும் காரின் கணினிக்கும் நடுவே ஒரு சின்ன சர்க்யூட் போர்டை வைத்து, அந்த வசதியைப் பின்னாளில் கொண்டுவந்தவர்கள் உங்களைப் போன்றவர்கள்தான். காமாவின் மூல மென்பொருளிலிருந்து அந்த போர்டுக்கான ஆதரவு நீக்கப்பட்ட பிறகும், அதைப் பிரதியெடுத்து நீங்கள் தனியாக வளர்க்கும் ஃபோர்க்குகளில் அதை விடாமல் காப்பாற்றி வருகிறீர்கள். சம்பளம் வாங்காமல் ராத்திரி கண்விழித்துச் செய்யும் வேலை இது. அதன் பலனை அனுபவிக்கும் கார்க்காரர்களில் நானும் ஒருவன்.

ஆனால் செட்டிங்ஸ் பக்கத்தைப் பற்றி உங்களிடம் பேசியாக வேண்டும். ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் கீழே அது என்ன வசதி தரும் என்று எழுதியிருக்கிறது. அதைப் போட்டால் எது போய்விடும் என்பது பல இடங்களில் இல்லை. நான் கேட்பதெல்லாம் இந்த ஒன்றைத்தான்: எது போகும் என்பதையும் அங்கேயே எழுதுங்கள், அதைக் காருக்குக் கார் சரியாக எழுதுங்கள்.

தானியங்கி அவசர பிரேக்கைப் பாருங்கள். வேகக் கட்டுப்பாட்டை ஓப்பன்பைலட்டே எடுத்துக்கொள்ளும் சோதனைநிலை ஸ்விட்சைப் போட்டால், பல கார்களில் ரேடாரையோ அதற்குரிய கணினியையோ வாயடைத்துவிட்டுத்தான் மென்பொருள் தன் கட்டளைகளை அனுப்ப முடியும். அவசர பிரேக்கும் அதே கணினியில்தான் குடியிருக்கிறது, அதனால் அதுவும் சேர்ந்து போய்விடும். மூல மென்பொருளில் இந்த எச்சரிக்கை அந்த ஸ்விட்சுக்குக் கீழேயே இருக்கிறது. நான் பயன்படுத்திய ஃபோர்க் ஒன்றில் அது முதல்முறை ஸ்விட்ச் போடும்போது ஒரு பாப்அப்பாக வந்து போனதோடு சரி, அப்புறம் தேடினாலும் கிடைக்கவில்லை. இதில் ஓட்டுபவருக்கு எளிதில் புரியாத விஷயம் ஒன்று உண்டு. மென்பொருள் ஓடும் கருவியை இயக்காமல் சாதாரணமாகக் கையால் ஓட்டிப் போகும்போதும் அந்த அவசர பிரேக் இருக்காது. வீட்டில் வேறொருவர் அதே காரை எடுத்துக்கொண்டு போனால், அவருக்கு இது தெரிய வழியே இல்லை. ஆகவே அந்த வரி செட்டிங்ஸில் மட்டும் இருந்தால் போதாது. அவசர பிரேக் அணைந்திருக்கும்வரை ஓட்டும் திரையில் ஒரு மூலையில் அது நிரந்தரமாகத் தெரிய வேண்டும்.

இனி, இந்த மடலை எழுத என்னை உட்கார வைத்த விஷயத்துக்கு வருகிறேன்: வேகத்தைக் குறைப்பது.

பெடல் போர்டு வைத்த காரில் உங்கள் மென்பொருளின் கையில் இருப்பது ஆக்சிலரேட்டர் மட்டும்தான். உராய்வு பிரேக்கை அது தொடுவதே இல்லை. ஆக்சிலரேட்டரைத் தளர்த்தினால் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்பும். இந்த ரீஜென் பிரேக்கிங்கை நம்பித்தான் முழு குரூஸ் கண்ட்ரோலும் நிற்கிறது. ஆனால் ரீஜென் எப்போதும் ஒரே அளவில் கிடைக்காது. பேட்டரி முழுக்க சார்ஜ் ஆகியிருந்தால் வரும் மின்சாரத்தைப் போட்டுவைக்க இடமில்லை, கார் ரீஜெனைக் குறைத்துவிடும். பேட்டரி குளிர்ந்திருந்தாலும் அதே கதை. பேட்டரிக்கு வயதாக ஆக அதன் உள்மின்தடை கூடும், வேகமாக சார்ஜ் ஏற்கும் திறனும் குறையும். நாம் பேசுவதோ பழைய கார்களைப் பற்றி.

பேட்டரி நல்ல நிலையில் இருந்தாலும் இன்னொரு தடை இருக்கிறது. ரீஜெனின் சக்திக்கு கிலோவாட் கணக்கில் உச்சவரம்பு உண்டு. ஆளோடு சேர்த்து 1,700 கிலோ எடையுள்ள கார், ரீஜென் உச்சம் 70 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 108 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 30 மீட்டர். அந்த வேகத்தில் 70 கிலோவாட் தரும் வேகக் குறைப்பு விநாடிக்கு விநாடி சுமார் 1.4 மீட்டர். காற்றின் எதிர்ப்பு அதோடு கொஞ்சம் சேரும், அவ்வளவுதான். ஓப்பன்பைலட் அதிகபட்சமாகக் கேட்கக்கூடிய குறைப்போ 3.5 மீட்டர். முன்னால் போகிறவர் திடீரென்று அழுத்தி பிரேக் போட்டால், உராய்வு பிரேக்கும் கைவசம் உள்ள காரில் முதல் 2 விநாடிகளில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தைக் குறைத்துவிடலாம். ரீஜெனை மட்டும் நம்பும் காரில் 10 கிலோமீட்டர்தான் குறையும். வேகம் கூடக் கூட இந்த வரம்பு இன்னும் இறுகும். பிரேக் அதிகம் தேவைப்படும் இடத்தில்தான் அது குறைவாகக் கிடைக்கிறது.

இப்போது முன்வண்டியோடு விடும் இடைவெளிக்கான செட்டிங்கைப் பார்ப்போம். மூன்று சுபாவங்கள் இருக்கின்றன: நிதானம், இயல்பு, வேகம். மூல மென்பொருளில் இவற்றின் இடைவெளி முறையே 1.75, 1.45, 1.25 விநாடி. விநாடிக்கு 30 மீட்டர் போகும்போது 1.75 விநாடி என்பது 52.5 மீட்டர், 1.25 விநாடி என்பது 37.5 மீட்டர். பிரேக் கைவசம் உள்ள காரில் இது ஓட்டுபவரின் விருப்பம் சார்ந்தது. ரீஜென் மட்டுமே உள்ள காரில், அதுவும் முழு சார்ஜில் கிளம்பி நேரே நெடுஞ்சாலையில் ஏறியவருக்கு, இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள 15 மீட்டர்தான் காலைத் தூக்கி பிரேக்கில் வைக்கக் கிடைக்கும் அவகாசம். இரண்டு காருக்கும் ஒரே மூன்று பொத்தான்களைக் காட்டுவது சரியில்லை.

பெடல் போர்டு இருப்பதை மென்பொருள் கண்டுகொண்டதும் மிகக் குறைந்த இடைவெளியை மறைத்துவிடுங்கள். வேகத்துக்கு ஏற்ப இடைவெளி தானே கூடட்டும். சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்பது காரின் டிஸ்பிளேயில் தெரிகிறது என்றால் அந்தத் தகவல் காருக்குள் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்டீயரிங் கோணத்தையும் சக்கர வேகத்தையும் தேடிக் கண்டுபிடித்த உங்களுக்கு அதையும் கண்டுபிடிக்க முடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, எச்சரிக்கை முன்கூட்டியே வர வேண்டும். அடுத்த சில விநாடிகளுக்கு எவ்வளவு வேகக் குறைப்பு தேவை என்று மென்பொருள் ஏற்கெனவே கணக்குப் போடுகிறது. அந்தத் தேவை, கிடைக்கக்கூடிய ரீஜெனைத் தாண்டப்போகிறது என்று தெரிந்த அந்தக் கணமே ‘பிரேக் போடுங்கள்’ என்று சத்தம் வர வேண்டும்.

2018 முதல் வந்த நிசான் லீஃபில், நிசானின் சொந்த ஓட்டுநர் உதவியான புரோபைலட் உள்ள கார்களின் நிலைமை முற்றிலும் வேறு. அங்கே ஓப்பன்பைலட் ஸ்டீயரிங்கை மட்டும் பிடிக்கிறது, வேகத்தை காரின் சொந்த குரூஸ் பார்த்துக்கொள்கிறது. அந்தக் காரில் மென்பொருளின் இடைவெளி செட்டிங்குக்கு வேலையே இல்லை. இருந்தும் சில பக்கங்களில் அது மாற்றக்கூடியதாகவே நிற்கிறது. மாற்றினோம், சரியாகிவிட்டது என்று ஒருவர் நம்பி ஓட்டினால் அந்த நம்பிக்கைக்கு அடிப்படை எதுவும் இல்லை. வேலை செய்யாத செட்டிங்கை அந்தக் காரில் காட்டாதீர்கள்.

ஸ்டீயரிங் எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டீயரிங் விகிதம், கோணப் பிசகு, டார்க்குக்கு (திருப்பு விசைக்கு) கார் எவ்வளவு திரும்புகிறது, உராய்வு எவ்வளவு என்பதையெல்லாம் மூல மென்பொருள் ஓட்ட ஓட்டத் தானே கற்றுக்கொள்கிறது. பழைய காருக்கு இது பெரிய வரம். டயர் தேய்ந்திருக்கும், புஷ் தளர்ந்திருக்கும், அலைன்மென்ட் லேசாக விலகியிருக்கும். ஒரே மாடல் என்பதால் இன்னொருவர் அனுப்பிய எண்களை அப்படியே போட்டால், நம் கார் கற்றுக்கொண்டதைத் தூக்கியெறிந்துவிட்டு வேறொருவரின் காரை ஓட்டுகிறோம் என்றாகும். கையால் எண் போடும் வசதி வேண்டாம் என்று சொல்லவில்லை. கார் கற்றுக்கொண்ட எண்ணைப் பக்கத்திலேயே காட்டுங்கள், அதற்குத் திரும்பிப்போக ஒரு பொத்தான் வையுங்கள்.

அப்டேட் விஷயத்தில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. ஒரு ஃபோர்க்கில் அப்டேட் வந்தபோது செட்டிங்குகளின் உள்பெயர்கள் மாறின, நான் நிதானத்தில் வைத்திருந்த இடைவெளி ஒரு வார்த்தை சொல்லாமல் இயல்புக்குப் போய்விட்டது. கார் முன்வண்டியை ஒட்டிப் போவதை வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. நிறமும் எழுத்தளவும் மாறினால் பரவாயில்லை. இடைவெளி, அவசர பிரேக், ஆக்சிலரேட்டரை மிதித்தால் கருவி விலகுமா இல்லையா, இந்த மூன்றும் மாறியிருந்தால் அதை ஓட்டுபவர் படித்து ஒப்புக்கொள்ளும்வரை கருவி இயங்கவே கூடாது.

பழைய மின்சாரக் கார்களின் 12 வோல்ட் பேட்டரியையும் மறந்துவிடாதீர்கள். பெரிய பேட்டரியில் சார்ஜ் நிறைய இருந்தும் இந்தச் சின்ன பேட்டரி இறங்கிப்போனால் கார் ஸ்டார்ட் ஆகாது. நிறுத்திய பிறகு கருவி எவ்வளவு நேரம் விழித்திருக்கும் என்பதை இந்தக் கார்களுக்கு இயல்பிலேயே குறைத்து வையுங்கள்.

ஓட்டுபவரின் முகத்தைப் பார்க்கும் கேமராவை அணைக்க ஸ்விட்ச் கேட்டு உங்களிடம் பலர் வருவார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். கண்காணிப்பைத் தளர்த்தும் ஃபோர்க்குகளைத் தன் சர்வர்களிலிருந்து விலக்குவேன் என்று காமா நிறுவனமே சொல்லியிருக்கிறது, ஆனால் அந்தப் பயத்துக்காக வேண்டாம். பிரேக்கே கைவசம் இல்லாத காரில் கடைசி பிரேக் ஓட்டுபவரின் கால்தான். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் அந்தக் கால் சரியான நேரத்துக்கு வரும். அதே காரணத்துக்காக, ஸ்டீயரிங் விசைக்கு, கருவியைக் காரோடு இணைக்கும் பாண்டாவின் பாதுகாப்பு நிரல் விதிக்கும் உச்சவரம்பையும் திரையில் மாற்றக்கூடிய எண்ணாக ஆக்க வேண்டாம்.

என்னால் நிரல் எழுதித்தர முடியாது. ஆனால் வெவ்வேறு சார்ஜ் அளவிலும் வெவ்வேறு குளிரிலும், போக்குவரத்தில்லாத சாலையில் ஆக்சிலரேட்டரை விட்டால் வேகம் எப்படிக் குறைகிறது என்பதைப் பதிவுசெய்து அனுப்ப முடியும். ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் கீழே வர வேண்டிய விளக்கத்தை எளிய தமிழில் எழுதித்தரவும் தயார். எந்த வடிவத்தில் பதிவு வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், முழு சார்ஜிலிருந்தே தொடங்குகிறேன்.

அன்புடன்,
பழைய மின்சாரக் கார் ஓட்டும் உங்கள் பயனர் ஒருவர்