கேள்வியையும் சேத்து அச்சுல போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் 31 வருஷம் சென்னையில வெவ்வேற கோர்ட்டுல டைப்பிஸ்ட்டா இருந்து ரிட்டயர் ஆனவ. ஜட்ஜ் மேடைக்குக் கீழ, சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்துல ஒரு சின்ன மேஜை இருக்கும் பாருங்க, அதுதான் நான் உக்காந்த இடம். ஆரம்பத்துல டைப்ரைட்டர், அப்புறம் கம்ப்யூட்டர். சாட்சி சொல்றதை ஜட்ஜ் ஐயா டிக்டேட் பண்ணுவாரு, நான் அடிப்பேன். உங்க பேப்பர்ல கோர்ட் செய்தியைத்தான் காலையில முதல்ல தேடிப் படிப்பேன், படிச்சு முடிச்சதும் மனசு நிறையாது, ஏன்னா அதுல முடிவு மட்டும்தான் இருக்கும், ஆயுள் தண்டனை, விடுதலை, மனு தள்ளுபடி, அவ்வளவுதான். அந்த முடிவுக்கு எப்படி வந்தாங்க, யாரு என்ன கேட்டாங்க, சாட்சி என்ன பதில் சொன்னாங்க, ஜட்ஜ் எந்த இடத்துல குறுக்க பேசினாரு, எதுவுமே இருக்காது. இதை எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டே இருந்தேன், இப்ப எழுத வச்சது என் தம்பி பொண்ணு.

அவ எம்.ஏ. இங்கிலீஷ் படிக்கிறா. 1600கள்ல இங்கிலாந்துல அச்சான புத்தகங்கள்ல ஜட்ஜும் கோர்ட்டும் எப்படி வராங்கன்னு ப்ராஜெக்ட். கோர்ட் வார்த்தை எல்லாம் அத்தைக்குத்தான் தெரியும்னு லேப்டாப்பைத் தூக்கிட்டு எங்க வீட்டுக்கே வந்துட்டா. பழைய இங்கிலீஷ் எனக்குப் பாதி புரியல, அவ படிச்சு சொல்லச் சொல்லக் கேட்டேன். ரெண்டு மாசமா எனக்கு வேற நினைப்பே இல்ல சார்.

அதைச் சொல்றதுக்கு முன்னாடி நம்ம கோர்ட்டுல சாட்சியம் எப்படி எழுதறாங்கன்னு சொல்லிடறேன், வெளிய இருக்கறவங்க பல பேருக்குத் தெரியாது. பழைய சி.ஆர்.பி.சி., அதாவது குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 276வது பிரிவு, செஷன்ஸ் கேஸ்ல சாட்சியத்தை சாதாரணமா கதை சொல்ற மாதிரிதான் எழுதணும், ஜட்ஜ் விரும்பினா எந்தப் பகுதியையும் கேள்வி பதிலா எழுதலாம்னு இருக்கு, இப்ப வந்த புது சட்டத்துலயும் அதே வாசகம்தான். நடைமுறையில என்ன ஆகும்னா வக்கீல் கேட்ட கேள்வி சாட்சியோட பதிலுக்குள்ள கரைஞ்சு போயிடும். குறுக்கு விசாரணை முழுக்க "என்றால் சரிதான்", "என்றால் சரியல்ல", இந்த ரெண்டுலயே ஓடிடும்.

ஒரு தடவை பூ விக்கிற அம்மா ஒருத்தங்க சாட்சி சொல்ல வந்தாங்க. அடிதடி கேஸ். எதிரி தரப்பு வக்கீல், ஏம்மா உனக்குக் கண்ணு தெரியாதுதானே, கண்ணாடி போட்டிருக்கியேன்னு கேட்டாரு. அந்தம்மா கண்ணாடியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு, "இது பூ கட்டறப்போ நூலு தெரியறதுக்கு சார், எட்டடி தள்ளி நிக்கற மனுசனைப் பாக்கறதுக்கு இல்ல, இதோ கழட்டிட்டேன், அந்தக் கடைசி பெஞ்சில நீலச் சட்டைக்காரர் கொட்டாவி விடறாரு பாருங்க"ன்னு சொன்னாங்க. ஹால்ல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க, நிஜமாவே நீலச் சட்டை. நான் அடிச்சது என்ன தெரியுமா, "நான் கண்ணாடி அணிவது வழக்கம். எனக்குப் பார்வைக் குறைபாடு உள்ளது என்றால் சரியல்ல." ரெண்டு வரி. அப்பீல் போனா மேல இருக்கற ஜட்ஜ் கையில இருக்கப்போறது இந்த ரெண்டு வரிதான், அந்தம்மா கண்ணாடியைக் கழட்டினது அவருக்குத் தெரியவே போறதில்ல. இது அந்த ஜட்ஜ் மேல குறை சொல்றதுக்காக எழுதல, அவரு நல்ல மனுஷர், முறை அப்படி. ஆனா அந்த ரெண்டு வரியை அடிச்ச விரல் என்னோடதுங்கறதால இன்னிக்கும் எனக்கு அது உறுத்துது.

இப்ப அந்தப் பழைய புத்தகங்களுக்கு வரேன். 1670 செப்டம்பர்ல லண்டன் ஓல்ட் பெய்லி கோர்ட்டுல வில்லியம் பென், வில்லியம் மீட்னு ரெண்டு பேர் மேல கேஸ் நடந்துச்சு. குவாக்கர்னு சொல்ற கிறிஸ்தவப் பிரிவுக்காரங்க, கூடுற இடத்தைப் பூட்டிட்டாங்கன்னு க்ரேஸ்சர்ச் தெருவுலயே நின்னு பென் பிரசங்கம் பண்ணாரு, அதைக் கலவரக் கூட்டம்னு குற்றம் சாட்டினாங்க. அப்போ பென்னுக்கு வயசு 25. கோர்ட்டுக்குள்ள வரும்போது ஒரு ஆபீசர் ரெண்டு பேர் தொப்பியையும் கழட்டிட்டாரு, ஜட்ஜுங்களோட உக்காந்திருந்த லண்டன் மேயர் அதைத் திரும்பப் போட்டு விடச் சொன்னாரு, போட்டு விட்டாங்க, போட்ட உடனே கோர்ட்டுல தொப்பியோட நிக்கிறீங்கன்னு ஆளுக்கு 40 மார்க் (அந்தக் கால இங்கிலாந்துப் பணக் கணக்கு) அபராதம். இது அப்படியே வரி வரியா அச்சுல இருக்கு சார், யாரு சொன்னாங்கன்னு பேரு போட்டு, கேள்வி தனியா, பதில் தனியா.

எந்தச் சட்டத்துல கேஸ் போட்டிருக்கீங்கன்னு பென் கேக்கறாரு. காமன் லாங்கறாரு ரெக்கார்டர், அதாவது அந்த ஊர் நீதிபதி. காமன் லான்னா வழக்கத்துலயும் பழைய தீர்ப்புகள்லயும் வந்த சட்டம். அந்தக் காமன் லா எங்க இருக்கு, காட்டுங்கன்னு இவரு விடாம கேக்கறாரு, பதில் வரல, கத்தல்தான் வருது. ஜூரி, அதாவது குற்றவாளியா இல்லையான்னு முடிவு சொல்ற பொது ஜனங்க 12 பேரு, க்ரேஸ்சர்ச் தெருவுல பேசினது உண்மைதான், அதுக்கு மேல எதுவும் சொல்ல மாட்டோம்னு நின்னுட்டாங்க. சாப்பாடு இல்ல, தண்ணி இல்ல, குளிர் காய நெருப்பு இல்லன்னு ரெண்டு ராத்திரி பூட்டி வச்சாங்க. அப்பவும் கடைசியில குற்றவாளி இல்லன்னுதான் சொன்னாங்க. ஜூரிக்கும் ஆளுக்கு 40 மார்க் அபராதம் போட்டு ஜெயில்ல தள்ளினாங்க. அதுல ஒருத்தர் எட்வர்ட் புஷல், ஹேபியஸ் கார்பஸ் போட்டாரு, சீஃப் ஜஸ்டிஸ் ஜான் வாகன், ஜூரி சொன்ன தீர்ப்புக்காக அவங்களைத் தண்டிக்க முடியாதுன்னு விடுதலை பண்ணாரு. இந்த விசாரணை அதே 1670லயே புத்தகமா வந்துடுச்சு, தெருவுல வாங்கிப் படிச்சாங்க ஜனங்க. அது பென் தரப்பு போட்ட புத்தகம், அந்தக் கணக்கை மனசுல வச்சுக்கிட்டுத்தான் படிக்கணும், மேயர் தரப்புலயும் பதிலுக்கு ஒண்ணு போட்டாங்க. ரெண்டு தரப்பும் அச்சுல சண்டை போட்டதாலதான் நடந்தது நமக்குத் தெரியுது.

எங்க வீட்டுல மோட்சப் பிரயாணம் புத்தகம் இருக்கு, இங்கிலீஷ்ல பில்கிரிம்ஸ் ப்ராக்ரஸ். பாட்டி ஞாயித்துக்கிழமை சாயந்திரம் சத்தமா வாசிப்பாங்க. அதுல ஒரு சந்தையில நல்லவன் ஒருத்தனைப் பிடிச்சு விசாரணை நடக்கும், ஜட்ஜ் பேரே நல்லதை வெறுக்கறவன், ஜூரியில குருடன், பொய்யன், கொடூரன் எல்லாரும் உக்காந்திருப்பாங்க, கடைசியில அவனை எரிச்சுடுவாங்க. சின்ன வயசுல நான் அதை வெறும் கதைன்னு நினைச்சேன். எழுதின ஜான் பன்யன், லைசென்ஸ் இல்லாம பிரசங்கம் பண்ணதுக்காக பெட்ஃபோர்ட் ஜெயில்ல 12 வருஷம் கிடந்தவரு, கோர்ட்டை நேருல பாத்தவருன்னு இப்பத்தான் தெரியும். 1678ல அது அச்சாச்சு. அவரு மனைவி எலிசபெத், 1661ல ஜட்ஜுங்க முன்னாடி தனியா போய் நின்னு மன்றாடினாங்க, வீட்டுல நாலு பிள்ளைங்க, அதுல ஒண்ணுக்குக் கண்ணு தெரியாது. மத்த ஜட்ஜுங்க எரிஞ்சு விழுந்தாங்க, மேத்யூ ஹேல்னு ஒருத்தர் மட்டும் பொறுமையா கேட்டுட்டு, ராஜாவுக்கு மனு போடலாம், மன்னிப்பு வாங்கலாம், இல்லன்னா ரிட் ஆஃப் எரர், அதாவது தீர்ப்புல தப்பு இருக்குன்னு மேல் கோர்ட்டுல கேக்கற மனு போடலாம், அதுதாம்மா செலவு கம்மின்னு சொல்லியிருக்காரு. செலவு கம்மின்னு சொன்ன இடத்துல எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, அப்படி ஒரு வார்த்தை கேக்கத்தானே நம்ம வராண்டாவுல எத்தனை பேரு மஞ்சப் பையோட நிக்கறாங்க.

அதே ஹேல்தான் அடுத்த வருஷம் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊர்ல ரெண்டு விதவைப் பொம்பளைங்களைச் சூனியக்காரிங்கன்னு தூக்குல போட அனுப்பினாரு. ஏமி டென்னி, ரோஸ் கல்லண்டர். விசாரணை 1682ல புத்தகமா வந்துச்சு. அதுல ஒரு இடம். ஏமி டென்னி தொட்டா உடனே அலறித் துடிக்கிற சின்னப் பொண்ணு ஒருத்தி. சில பெரிய மனுஷங்க அவ கண்ணைத் துணியால மூடிட்டு வேற ஒரு பொம்பளையைத் தொட வச்சாங்க. அப்பவும் பொண்ணு அதே மாதிரி அலறினா. இது முழுக்க நடிப்புன்னு அவங்க வந்து கோர்ட்டுல சொன்னாங்க. ஆனா அதுக்காக கேஸை நிறுத்தல. ஹேல் ஜூரிக்கு சாட்சியத்தைத் தொகுத்துக்கூட சொல்லல, ஏதாவது ஒரு பக்கம் சாஞ்சுடுமோன்னு பயந்தாராம். ரெண்டு பேரையும் தூக்குல போட்டுட்டாங்க. 1692ல அமெரிக்காவுல சேலம் ஊர்ல சூனியக் கேஸ் நடந்தப்போ இந்தப் புத்தகத்தைத்தான் முன்மாதிரியா வச்சாங்க, அது இன்னும் கொடுமை. ஆனா ஒண்ணு பாருங்க, கண்ணைக் கட்டின சோதனையை யாரோ ஒருத்தர் விடாம எழுதி வச்சதாலதான் அந்த ரெண்டு பொம்பளைங்க நிரபராதின்னு இன்னிக்கு நம்மால சொல்ல முடியுது. "சிறுமி பாதிக்கப்பட்டார் என்றால் சரிதான்"னு ஒரு வரியோட முடிச்சிருந்தா? இதெல்லாம் யாரோ வெள்ளைக்காரங்க கதைன்னு நினைக்காதீங்க, புருஷன் தன் பொண்டாட்டியைக் கற்பழிச்ச குற்றத்துக்கு ஆளாக முடியாதுன்னு இதே ஹேல் எழுதி வச்சது 1736ல அச்சாச்சு, அது கப்பலேறி நம்ம இண்டியன் பீனல் கோடுக்குள்ள வந்துச்சு, இப்ப இருக்கற பாரதிய நியாய சன்ஹிதாவுலயும் 18 வயசு முடிஞ்ச மனைவி விஷயத்துல அந்த விலக்கு அப்படியே இருக்கு.

எழுதி வச்சதெல்லாம் உண்மையாயிடாதுங்கறதும் எனக்குத் தெரியும். 1612ல லங்காஸ்டர்ல நடந்த சூனியக் கேஸை எழுதினவரு தாமஸ் பாட்ஸ், கோர்ட் கிளார்க், என்னை மாதிரி ஆளு. ஒன்பது வயசுப் பொண்ணு ஜென்னெட்டை மேஜை மேல ஏத்தி நிக்க வச்சு, பெத்த தாய்க்கு எதிரா சாட்சி சொல்ல வச்சாங்க, தாய் அலறினதும் தாயை வெளிய இழுத்துட்டுப் போனாங்க, பத்து பேரைத் தூக்குல போட்டாங்க. 1613ல புத்தகம் வர்றதுக்கு முன்னாடி அதைத் திருத்திக் கொடுத்தது கேஸை நடத்தின ஜட்ஜ் எட்வர்ட் ப்ராம்லியே. கோர்ட்டுல சொன்ன மாதிரி அதுல வர்றது பலதும் முன்னாடியே எழுதி வாங்கின வாக்குமூலம். அதனாலதான் கோர்ட்டுக்கு வெளிய இருந்து ஒருத்தர் வந்து உக்காந்து எழுதணும்னு சொல்றேன்.

ஓல்ட் பெய்லியில 1674லருந்தே விசாரணைகளை மலிவுப் புத்தகமா போட்டு வித்திருக்காங்க. முதல்ல சுருக்கமாத்தான், போகப் போக 1740கள்ல தாமஸ் கர்னின்னு ஒரு ஷார்ட்ஹேண்ட் ஆளு வந்து உக்காந்ததும் பேச்சு அப்படியே வர ஆரம்பிச்சிருக்கு. 1913 வரைக்கும் வந்திருக்கு, கிட்டத்தட்ட 2 லட்சம் கேஸு, இப்ப யாரு வேணா நெட்டுல காசில்லாம படிக்கலாம். துணி திருடின வேலைக்காரப் பொண்ணு, வாட்ச் அடிச்ச பையன், அவங்க குரல் அதுல இருக்கு. நம்ம ஹைகோர்ட் சிவப்புக் கட்டடம் 1892ல திறந்தது, அங்க வர்ற பெரிய தீர்ப்பெல்லாம் லா ஜர்னல்ல வருது, கீழ் கோர்ட்டுல கூண்டுல நின்னு பேசின பூக்காரம்மா குரல் எந்த அச்சுலயும் வரல.

அதனால உங்ககிட்ட நான் கேக்கறது இதுதான். வாரத்துல ஒரு நாள், அரைப் பக்கம். ஏதாவது ஒரு சாதாரண கேஸ், செக் பவுன்ஸோ அடிதடியோ வாடகைத் தகராறோ, உங்க ரிப்போர்ட்டர் ஒருத்தர் காலையிலருந்து உக்காந்து கேள்வியையும் பதிலையும் கேட்டபடியே எழுதிப் போடட்டும். கோர்ட்டுங்கறது திறந்த இடம், யாரும் போகலாம். போக்சோ கேஸு, பாலியல் கேஸு பக்கம் போக வேண்டாம், மத்ததுலயும் சாட்சி பேரை மாத்திக்கலாம். செல்ஃபோன்ல ரெக்கார்ட் பண்ண விட மாட்டாங்க, ஆனா கையால குறிப்பு எடுக்கலாம், அதுக்குத் தமிழ் ஷார்ட்ஹேண்ட் வேணும். நான் அதுல ஹையர் பரீட்சை பாஸ் பண்ணவ, இன்னும் கை மறக்கல. உங்க ஆபீஸ்ல ரெண்டு பேரை அனுப்பினா சனி ஞாயிறுல காசு வாங்காம சொல்லித் தரேன், ஆறு மாசத்துல ஓரளவு பிடிச்சுடலாம். அது வரைக்கும் ரிப்போர்ட்டர் கூட நானே வரேன், கோர்ட் 10.30க்கு உக்காரும், டவாலி முதல் கேஸ் கூப்பிடறதுக்கு முன்னாடியே போய் முன் வரிசையில இடம் பிடிச்சிடணும், பின்னாடி உக்காந்தா ஃபேன் சத்தத்துல சாட்சி பேசறது காதுல விழாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கோர்ட் டைப்பிஸ்ட்,
பெரம்பூர், சென்னை.