நீர்நாய்கள் திரும்பி வந்த துறைமுகம்

அன்புள்ள நண்பா,

கப்பல் ஏறுவதற்கு முன்பே உன் கடிதம் கிடைத்துவிட்டது. முழங்கால் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, வீட்டுக்குள் நடமாடத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் மனம் நிம்மதியானது. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. உன் பிடிவாதம் எனக்குத் தெரியும்.

அலாஸ்காவைப் பற்றி விரிவாக எழுதச் சொல்லியிருந்தாய். பனியாறுகள் இன்னொரு கடிதத்துக்கு இருக்கட்டும். எனக்குச் சிட்காவைத்தான் சொல்ல வேண்டும். பரனோஃப் தீவின் மேற்குக் கரையில், பசிபிக்கைப் பார்த்தபடி இருக்கும் சிறிய ஊர். வெளியூரிலிருந்து அங்கே போகச் சாலையே கிடையாது. கப்பல் அல்லது விமானம்தான். எதிர்க்கரைத் தீவில் எட்ஜ்கம் எரிமலை. அன்று மேகம் விலகி முழுதாகத் தெரிந்தது.

கடைத்தெருவை விட்டுவிட்டுச் சிறு படகொன்றில் போனோம். கெல்ப் என்ற நெடிய கடற்பாசி அடர்ந்த இடத்துக்கு வந்ததும் படகோட்டி என்ஜினை நிறுத்தினார். கடல் நீர்நாய்கள்! ஒன்று மல்லாந்து மிதந்தபடி, மார்பின்மேல் ஒரு கல்லை வைத்துக்கொண்டு, சிப்பியை இரு கைகளாலும் பிடித்து அதில் அடித்தது. அந்த ‘டக் டக்’ சத்தம் படகுவரை கேட்டது. ஓடு உடைந்ததும் சதையைத் தின்றது. உடனே ஒரு முறை உருண்டு, மார்பில் கிடந்த துணுக்குகளைக் கழுவிக்கொண்டது. ரோமம் அழுக்கானால் அதற்குப் பிழைப்பில்லை. திமிங்கிலத்துக்கு இருப்பதுபோலத் தோலடிக் கொழுப்பு கிடையாது. ரோமத்துக்குள் சிக்கிய காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. ஒரு சதுர அங்குலத்தில் 10 லட்சம் முடிகள்வரை இருக்குமாம்.

அந்த ரோமமே அதற்கு எமனாயிற்று. ரஷ்யர்கள் இந்தக் கரைக்கு வந்ததே அதற்காகத்தான். இங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த டிலிங்கிட் மக்கள் 1802-இல் ரஷ்யக் கோட்டையை அழித்தார்கள். 1804-இல் ரஷ்யர்கள் பீரங்கிகளோடு திரும்பி வந்தார்கள். 1867 அக்டோபர் 18 அன்று இதே ஊரில்தான் ரஷ்யக் கொடி இறங்கி அமெரிக்கக் கொடி ஏறியது. அலாஸ்காவை ரஷ்யா அமெரிக்காவுக்கு விற்ற விலை 72 லட்சம் டாலர். வேட்டை மட்டும் நிற்கவில்லை. 1911-இல் நான்கு நாடுகள் உடன்படிக்கை செய்து பாதுகாப்பு அளித்தபோது, அலாஸ்காவின் இந்தத் தென்கிழக்குக் கரையில் காப்பாற்ற அநேகமாக எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

1965-க்கும் 1969-க்கும் இடையில் ஏறக்குறைய 400 நீர்நாய்களை வேறிடங்களிலிருந்து பிடித்துவந்து இங்கே விட்டார்கள். பல, அலாஸ்காவின் மேற்கே அலூசியன் தீவுக்கூட்டத்தில் உள்ள அம்சிட்கா தீவிலிருந்து வந்தவை. அமெரிக்கா அங்கே நிலத்தடி அணுகுண்டுச் சோதனை நடத்திய காலம் அது. இன்று இந்தக் கரை நெடுகிலும் 20,000-க்கும் மேல் இருக்கின்றன. கெல்ப்பைத் தின்று தீர்க்கும் கடல் முள்ளெலிகளை (உடலெங்கும் முள் கொண்ட சிறு கடலுயிர்கள்) இவை தின்பதால், கெல்ப் காடுகளும் திரும்பத் தழைக்கின்றன.

ஆனால் ஒவ்வொரு நீர்நாயும் தன் எடையில் கால்பங்கு அளவுக்குத் தினமும் தின்கிறது. நண்டு, சிப்பி, கடல் வெள்ளரி எதுவும் தப்புவதில்லை. அவற்றை நம்பியிருக்கும் மீனவர்களும் டிலிங்கிட் குடும்பங்களும் வருந்துவதில் நியாயம் இருக்கிறது. கரையோரப் பூர்வகுடிகள் நீர்நாயை வேட்டையாட 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கிறது. முதலில் எனக்கு அது உறுத்தியது, இப்போது உறுத்தவில்லை. ரோமத்துக்காக வேட்டையாடி விற்றுத் தீர்த்தவர்கள் வேறு, காலகாலமாகக் கூட வாழ்ந்தவர்கள் வேறு அல்லவா? நீ என்ன நினைக்கிறாய் என்று அவசியம் எழுது.

மாலையில் புனித மிக்கேல் தேவாலயத்துக்கும் போனேன். 1966-இல் அது தீப்பற்றியபோது ஊர்மக்கள் கைமாற்றிக் கைமாற்றி உள்ளிருந்த புனிதப் படங்களை வெளியே கொண்டுவந்து காப்பாற்றினார்களாம். அவற்றைப் பார்க்கவே போனேன்.

படங்களைத் தனி உறையில் அனுப்புகிறேன். நீர்நாய் ஒன்று, வயிற்றின்மேல் குட்டியைக் கிடத்தி மிதக்கும் படம் உன் மகளுக்கு. மருத்துவர் எப்போது படியேற விடுவார் என்று கேட்டு எழுது. அதன் பிறகுதான் நாம் சேர்ந்து எங்கே போகலாம் என்று முடிவுசெய்ய முடியும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்