கன்சோலுக்குப் பின்னால் நிற்பவருக்கு

அன்புள்ள சவுண்ட் என்ஜினியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்களுக்கு என்னைத் தெரியாது. ஒவ்வொரு வாத்தியத்தின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் உங்கள் கன்சோலைச் சுற்றிப் போட்டிருக்கும் தடுப்புக் கம்பியில் சாய்ந்துகொண்டு, எல்லாப் பாட்டையும் கூடவே கத்திப் பாடுகிற ஆட்களில் நானும் ஒருவன். பாடகருக்கும் கிட்டாரிஸ்ட்டுக்கும் எழுத ஆயிரம் ரசிகர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு யாராவது எழுதியிருப்பார்களா என்பது சந்தேகம்தான். அதனால் நான் எழுதுகிறேன்.

இந்த பேண்டைப் பள்ளிக்கூட நாளிலிருந்து கேட்கிறேன். அப்போதெல்லாம் எனக்கும் முதல் வரிசைதான் சொர்க்கம். கதவு திறக்கப் பல மணி நேரம் முன்பே போய் நின்று, உள்ளே விட்டதும் ஓடி, மேடைக்கு முன்னால் இடம் பிடித்துவிடுவேன். அங்கே பாடகரின் நெற்றி வியர்வை தெரியும், பாட்டுதான் சரியாகக் கேட்காது. பெரிய ஸ்பீக்கர்கள் தலைக்கு மேலே தொங்கியபடி பின்னால் இருப்பவர்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும். முன்னால் நிற்பவனுக்குக் கிடைப்பது மேடையிலிருந்து நேரே வரும் டிரம்ஸ், எந்தப் பக்கம் நிற்கிறானோ அந்தப் பக்கத்து ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெரிதாக்கும் பெட்டி), நெஞ்சில் இடிக்கும் சப்வூஃபர் (அடித்தொனி ஸ்பீக்கர்). குரலைக் கொஞ்சமாவது கொண்டுவந்து சேர்ப்பவை மேடை விளிம்பில் வைக்கும் சின்ன ஸ்பீக்கர்கள்தான். முதல் வரிசையைக் குறை சொல்லவில்லை, பார்ப்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. கேட்பதற்கு உங்கள் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். உங்கள் காதுக்குச் சரியாக வரும்வரை நீங்கள் விடப்போவதில்லை, அந்தக் காதுக்கு நாலடி தள்ளி என் காது!

உங்கள் கைகளை வேடிக்கை பார்க்கத் தொடங்கியது அப்புறம்தான். கன்சோலில் ஒட்டிய வெள்ளை டேப்பில் கிக், ஸ்நேர், பேஸ் என்று மார்க்கரில் எழுதியிருக்கிறீர்கள். முதல் இரண்டும் டிரம்ஸ், மூன்றாவது அடித்தொனி கிட்டார். லீட் கிட்டார் சோலோ வருவதற்கு ஒரு நொடி முன்பே விரல் அதன் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடர் மேல் போய் உட்கார்ந்துவிடுகிறது. கிட்டாரிஸ்ட் முதல் ஸ்வரத்தைத் தொடும்போது அது மேலே ஏறியாயிற்று. சோலோ முடிந்ததும் யாருக்கும் தெரியாமல் இறங்கிவிடுகிறது. அந்த மெதுவான பாட்டில் வரியின் கடைசி வார்த்தை மட்டும் திரும்பத் திரும்ப ஒலித்துக் கரையுமே, அதைப் பாடகரின் வித்தை என்றுதான் கூட்டத்தில் பாதிப்பேர் நினைத்திருப்பார்கள். நீங்கள் தாளத்துக்கு ஒரு பட்டனைத் தட்டித் தட்டி எதிரொலியின் வேகத்தை அமைத்து, அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் திறந்துவிட்டு உடனே மூடுகிறீர்கள். போஸ்டரில் ஐந்து பேர் படம் இருக்கிறது. என் கணக்கில் பேண்டில் ஆறு பேர்.

முதல் பாட்டு ஏன் எப்போதும் கொஞ்சம் கலங்கலாக இருக்கிறது என்று பக்கத்தில் ஒருவர் சலித்துக்கொண்டார். காலி அரங்கில் சவுண்ட் செக் பார்த்துவிட்டு, ஆட்கள் நிரம்பிய அரங்கில் கச்சேரி நடத்தினால் அப்படித்தான் ஆகும். இத்தனை உடம்புகளும் உடைகளும் மேல்சுருதிச் சத்தத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. காலையில் சரியாக இருந்தது இரவில் சரியாக இருக்காது. இரண்டாவது பாட்டு முடிவதற்குள் நீங்கள் அதைச் சீராக்கிவிட்டீர்கள். சலித்துக்கொண்டவர் அதற்குள் போனைத் தூக்கி வீடியோ எடுக்கப் போய்விட்டார், கவனிக்கவில்லை.

உங்கள் வேலைக்கு ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தெரிய, 1965 ஆகஸ்ட்டில் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் வாசித்ததை நினைத்துப் பார்த்தால் போதும். 55,000 பேருக்கு மேல் கூட்டம். கிட்டார்களுக்கு 100 வாட் ஆம்ப்கள், குரலுக்கு மைதானத்தில் அறிவிப்புச் செய்கிற ஸ்பீக்கர்கள். வாசிப்பவர்களுக்கே அவர்கள் வாசிப்பைக் கேட்கவைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் மேடையில் கிடையாது. கூச்சலில் அவர்கள் வாசித்தது அவர்களுக்கே கேட்கவில்லை. மறு ஆண்டு ஆகஸ்ட்டோடு சுற்றுப்பயணத்தையே விட்டுவிட்டார்கள். காரணங்கள் பல, இதுவும் ஒன்று.

கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவினர் 1974இல் நேர் எதிராகப் போனார்கள். நூற்றுக்கணக்கான ஸ்பீக்கர்களைத் தங்களுக்குப் பின்னால் சுவராக அடுக்கி, அதன் முன்னால் நின்று பாடினார்கள். ஸ்பீக்கர் சத்தம் மைக்கில் திரும்ப நுழைந்து மைக் ஊளையிட வேண்டுமே? ஒவ்வொரு பாடகருக்கும் இரண்டு மைக் வைத்து, ஒன்றின் சத்தத்தை மற்றது கழித்துவிடும்படி இணைத்தார்கள். சுவரிலிருந்து வருவது இரண்டிலும் நுழைந்து அடிபட்டுப் போகும். பாடகர் ஒரு மைக்கில் மட்டும் பாடுவதால் குரல் தப்பிவிடும். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. ஆனால் அத்தனையையும் ஏற்றி இறக்கிக் கட்டுப்படியாகாமல் அந்த ஆண்டே கைவிட்டார்கள்.

போன திறந்தவெளிக் கச்சேரியில் எனக்குப் பின்கோடியில்தான் டிக்கெட் கிடைத்தது. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர்தான் போகும். 100 மீட்டர் பின்னால் நிற்பவனுக்கு மேடைச் சத்தம் வர கிட்டத்தட்ட 0.3 நொடி ஆகும். நடுவில் நிற்கும் கோபுர ஸ்பீக்கர்களையும் அதற்கேற்பத் தாமதப்படுத்தாவிட்டால் ஒவ்வொரு அடியும் இரண்டாகக் கேட்கும். அன்றைக்குத் திரையில் டிரம்மரின் குச்சி இறங்கிய பிறகுதான் அடி வந்தது. ஆனால் ஒரே அடியாக வந்தது. பின்வரிசைக்காரனையும் நினைத்து ஒருவர் கணக்குப் போட்டிருக்கிறார் என்று சந்தோஷமாக இருந்தது.

சரி, இனி என் சண்டை. உங்கள் பக்கத்தில் ஒரு டெசிபல் மீட்டர் வைத்திருக்கிறீர்கள், நானும் எட்டிப் பார்க்கிறேன். தொடக்கத்தில் 98 காட்டுகிறது. கடைசிப் பாட்டுகளில் 104க்குப் போய்விடுகிறது. 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொல்லியிருக்கிறது. காது களைத்துப்போனால் சத்தம் குறைந்ததாகத் தோன்றும், கூட்டமும் கூடக் கத்தும், கை தானாக மேலே போகும், புரிகிறது. நான் காதடைப்பான் போட்டுக்கொண்டு வருகிறேன். பக்கத்தில் நிற்கும் பதினாறு வயதுப் பையன் போடவில்லை. அவனுக்கு இன்னும் அறுபது வருடம் பாட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது.

அப்புறம், முதல் ஆல்பத்தின் கடைசிப் பாட்டில் நடுவே பேஸ் மட்டும் தனியாக இறங்கி வருமே, அது ஒவ்வொரு முறையும் கிட்டார்களுக்கு அடியில் மூழ்கிவிடுகிறது. பேஸை ஏற்ற வேண்டாம், இரண்டு கிட்டார்களையும் துளி இறக்குங்கள். எட்டே எட்டு பார், அதாவது எட்டுத் தாளச் சுற்றுதான்.

இப்படிக்கு,
காதடைப்பான் போட்டுக்கொண்டு கத்துகிற ரசிகன்